கிணறு, குழி, தாங்கிக்குள் மயங்கியவரின் சுவாசப்பாதையைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் இப்படியான மீட்புக்குப் போகக்கூடியவர்களை மனதில் வைத்து எழுதியது இது: தீயணைப்புப் பிரிவினர், அம்புலன்ஸில் வருபவர்கள், துறைமுகத்திலும் ஆலைகளிலும் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்கள், ஊர் முதலுதவிக் குழுக்கள். முதல் ஏழு கேள்விகள் எல்லாருக்கும் பொது. அதன் பின் வரும் கருவிகள் பற்றிய பகுதி பயிற்சி எடுத்தவர்களுக்கு. வாசித்துவிட்டுச் செய்து பார்க்கிற வேலை அல்ல.

1. 'அடைபட்ட இடம்' என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஆள் நுழையலாம், லேசில் வெளியே வர முடியாது, காற்று தானாக மாறாது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது அடைபட்ட இடம். வீட்டுக் கிணறு, மலசலகூடக் குழி, பலநாள் படகில் மீன் போடும் அறை, கப்பலின் அடித்தண்ணீர்த் தாங்கி, தானியம் சேமிக்கும் கோபுரம், சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்திலிருந்து நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் போன்றவை எல்லாம் இதில் அடங்கும்.

ஒவ்வொன்றிலும் காற்று கெடுகிற விதம் வேறு. குழியில் அழுகல் ஐதரசன் சல்பைட்டையும் மெதேனையும் தரும். மீன் அறையில் கெட்ட மீனும் இரத்தத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். மூடிக் கிடந்த இரும்புத் தாங்கியில் நச்சு எதுவுமே தேவையில்லை. ஈரத்தில் துருப்பிடிக்கிற இரும்பு, உள்ளே இருக்கிற ஒட்சிசனைத் தானே தின்றுவிடும். மணமும் இருக்காது, நிறமும் இருக்காது.

2. கிணற்றுக்குள் ஒருவர் அசைவில்லாமல் கிடக்கிறார். இறங்கித் தூக்கலாமா?

இறங்க வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. அண்ணனைத் தூக்கத் தம்பி, தம்பியைத் தூக்க அயல்வீட்டுக்காரர் என்று வரிசையாகப் போவது இதனால்தான்.

'மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறிவிடுவேன்' என்று சொல்லாத ஆள் இல்லை. ஆறு மீற்றர் இறங்கி, 60 கிலோ ஆளுக்குக் கயிறு கட்டி, திரும்பி ஏற ஒரு மூச்சுப் போதாது. இடையில் ஒரு தடவை இழுத்தாலும் முடிந்தது. ஒட்சிசன் இல்லாத காற்று நுரையீரலுக்குள் போனால், இரத்தத்தில் இருக்கிற ஒட்சிசன் அந்தக் காற்றுக்குள் வெளியேறிவிடும். மூச்சுத் திணறுகிற உணர்வே வராமல் ஆள் சரிவார்.

கீழே கிடப்பவருக்கு நினைவு இருந்தால் சுருக்குப் போட்ட கயிற்றை இறக்கி, கைகளுக்குக் கீழே மாட்டச் சொல்லுங்கள். ஓடுகிற மோட்டரை மேலே நின்றபடியே அணையுங்கள். 1990 சுவசெரிய, 110 தீயணைப்பு இரண்டையும் கூப்பிடுங்கள். ஆழம், அகலம், எத்தனை பேர் உள்ளே, என்ன வேலை நடந்தது, எத்தனை நிமிடமாயிற்று, இந்த ஐந்தையும் முதல் அழைப்பிலேயே சொன்னால் வருகிறவர்கள் சரியான சாமானோடு வருவார்கள்.

3. விளக்கை இறக்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஒட்சிசன் ஏறத்தாழ 16 வீதத்துக்குக் குறைந்தால்தான் சுடர் அணையும். ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு இரண்டும் ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். மெதேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்குக் காரணமாகும்.

4. கிணறு இறைக்கும் பெற்றோல் மோட்டரை உள்ளே இறக்கினால் என்ன?

கச்சான் வீசி நீர்மட்டம் கீழே போகிற மாதங்களில், மோட்டரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை என்று அதைக் கிணற்றுக்குள் தட்டுப் போட்டு வைக்கிறார்கள். புகையில் வரும் காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள்ளேயே தேங்கும். சேறு அள்ளப் போனவர் முதலில் தலைவலி, பிறகு கால் தளர்ச்சி, பிறகு மயக்கம் என்று போவார். மோட்டர் வாய்க்கட்டுக்குப் பக்கத்தில் மேலே நின்றாலும் காற்று அந்தப் பக்கம் அடித்தால் புகை உள்ளே இறங்கும். மின்சார நீர்மூழ்கி மோட்டர் இந்த வகையில் நல்லது. ஆள் உள்ளே நிற்கும்போது மின்னை நிறுத்திவிட வேண்டும்.

5. வாயுமானியில் என்ன எண் இருந்தால் இறங்கலாம்?

நான்கு வாயுக்களை அளக்கும் கருவி வேண்டும். பார்க்கும் ஒழுங்கு முக்கியம்: முதலில் ஒட்சிசன், பிறகு தீப்பற்றும் வாயு, பிறகு நச்சு. ஒட்சிசன் மிகக் குறைந்த இடத்தில் தீப்பற்றும் வாயுவை அளக்கும் உணரி பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஒழுங்குக்கு அதுதான் காரணம்.

வெளிக்காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். 19.5க்குக் குறைந்தாலோ 23.5க்குக் கூடினாலோ, தீப்பற்றும் வாயு அதன் கீழ் எல்லையில் (அது தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த அளவில்) 10 வீதத்தை எட்டினாலோ, ஐதரசன் சல்பைட்டு 10 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 10 பங்கை) எட்டினாலோ, சுவாசக் கருவி இல்லாமல் இறங்கக் கூடாது. தீப்பற்றும் வாயு அந்த எல்லையில் இருந்தால், சுவாசக் கருவி போட்டுக்கொண்டும் இறங்கக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு 100 பிபிஎம் உடனடி உயிராபத்து. 500க்கு மேல் நிமிடங்களில் ஆள் விழுவார். 1000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சு. அழுகிய முட்டை மணம் குறைந்துவிட்டதென்று நிம்மதியடைய வேண்டாம். 100 பிபிஎம்மைத் தாண்டினால் மூக்கே மரத்துப்போகும்.

உறிஞ்சு குழாயை ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட இறக்குவது, நிறுத்துவது, காற்று கருவிக்கு வந்து எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருப்பது, பிறகு அடுத்த மட்டம். அவசரத்தில் குழாயை ஒரேயடியாக அடிக்கு விட்டு, வந்த முதல் எண்ணை வாசிப்பதுதான் வழக்கமான பிழை. ஐதரசன் சல்பைட்டு காற்றைவிடக் கனமானது, மெதேன் இலேசானது. அதனால் ஒரு மட்டத்தின் எண் இன்னொரு மட்டத்துக்குச் சொல்லாது. சேற்றைக் கிளறினால் எல்லா எண்ணும் மாறும். ஆகவே கருவி, இறங்குபவரின் நெஞ்சிலேயே தொங்க வேண்டும்.

6. பஞ்சர் கடைக் கம்பிரசரால் காற்றடிக்கலாமா?

கணக்கைப் பாருங்கள். 3 மீற்றர் விட்டம், 8 மீற்றர் ஆழக் கிணற்றில் ஏறத்தாழ 56 கன மீற்றர் காற்று நிற்கும், அதாவது 56,000 லீற்றர். நிமிடத்துக்கு 200 லீற்றர் தரும் கம்பிரசர் அதை ஒரு தடவை மாற்றவே நாலரை மணி நேரத்துக்கு மேலாகும். மணிக்கு 1,500 கன மீற்றர் தள்ளும் ஊதுவிசிறி, அகலமான மடிப்புக் குழாயோடு, இதை இரண்டரை நிமிடத்துக்குள் செய்யும். ஏழு தடவை மாற்ற ஏறத்தாழ 16 நிமிடம் போதும். குழாய் மடிந்தால், நெளிந்தால் அந்த அளவு பாதியாகலாம்.

குழாயின் நுனி அடிக்கு அரை மீற்றர் மேலே நிற்கட்டும். விசிறிக்கு மின் தரும் ஜெனரேற்றர், காற்று வரும் திசையில் நிற்கக் கூடாது. காற்று போகும் திசையில், தள்ளி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் புகையைத்தான் உள்ளே ஊதுவீர்கள். வெல்டிங் கடை ஒட்சிசனைத் திறந்து விடுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. சீலையைக் கட்டி ஆட்டுவது, குழை இறக்கி அடிப்பது, தண்ணீர் தெளிப்பது: கொஞ்சம் காற்று அசையும், ஆனால் அதை நம்பி ஆள் இறங்க முடியாது.

7. இங்கே சுழியோடிகள் நிறையப் பேர். அவர்களின் சிலிண்டரோடு இறங்கினால்?

நல்ல கேள்வி, ஏனென்றால் நிலாவெளிப் பக்கம் கைக்கு எட்டுவது அதுதான். காற்றில் குறையில்லை, வாயில்தான் குறை. கடிவாயைப் பல்லால் கடித்துக்கொண்டு கத்த முடியாது. 'கயிற்றை இழு' என்று வாய் திறந்த நொடியே உள்ளே இருக்கும் வாயு வாய்க்குள் வரும். காற்று முடியப்போகிறது என்று ஊளையிடும் விசிலும் கிடையாது. தீயணைப்புச் சுவாசக் கருவியில் முழு முகமூடிக்குள் அழுத்தம் எப்போதும் வெளியைவிடச் சற்றுக் கூட நிற்கும். ஓரத்தில் கசிந்தாலும் காற்று வெளியேதான் போகும். 6 லீற்றர் சிலிண்டர் 300 பாரில் 1,800 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் வீதம் 45 நிமிடம் என்று ஏட்டில் இருக்கும். வெயிலில், பாரம் தூக்கும் ஆள் 60 லீற்றர் இழுப்பார், அரை மணி நேரம்தான். விசில் ஊதும்போது கையில் இருப்பது 5 முதல் 8 நிமிடம்.

துணி, என்95, வடிகட்டி முகமூடி எதுவுமே ஒட்சிசனை உண்டாக்காது.

8. உள்ளேயே சுவாசப்பாதையைத் திறந்துவிட்டுத் தூக்குவதா, முதலில் தூக்குவதா?

காற்று கெட்டிருந்தால் முதலில் தூக்குங்கள். நச்சுக் காற்றில் தாடையை உயர்த்தித் தொண்டையைத் திறந்துவிட்டால், திறந்த பாதையால் போவது நச்சுதான். அங்கே முதலாவது சுவாசப்பாதைச் சிகிச்சை நல்ல காற்று. மீட்பவரின் கருவியில் இரண்டாவது இணைப்பு இருந்தால், மூச்சு விடுகிற நோயாளிக்கு மீட்பு முகமூடியை மாட்டுங்கள். 10 செக்கன் வேலை. இல்லாவிட்டால் பட்டியை மாட்டி மேலே அனுப்புங்கள். கழுத்துப் பட்டை, பலகை என்று அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

காற்று நல்லது, ஆள் நெரிபட்டு அகப்பட்டிருக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது உள்ளேயே வேலை செய்ய வேண்டும்.

9. மணல் சரிந்து புதைந்தவருக்கு?

நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் கிணறு வெட்டும்போது இந்த ஆபத்து உண்டு. முகத்தை வெளியே எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நிறுத்துவார்கள். போதாது. நெஞ்சு புதைந்திருந்தால் ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் மணல் அந்த இடைவெளியை நிரப்பும். அடுத்த மூச்சு சிறிதாகும். வாய் திறந்திருக்கவே ஆள் நெரிந்து சாவார். ஆகவே முகம், உடனே நெஞ்சு, அதற்குப் பிறகு மற்றவை. மண்வெட்டி வேண்டாம், கையும் சிறு வாளியும். விளிம்பில் கூட்டம் நின்றால் இன்னொரு சரிவு வரும். பலகை போட்டு, இரண்டு பேருக்கு மேல் நிற்க விடாதீர்கள்.

கயிறு கட்டி இழுக்க வேண்டாம். இடுப்புக்கு மேல் புதைந்தவரை மணலும் தானியமும் விடாது, தோள்தான் கழரும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிகிற மண்ணை மட்டும் விரலால் எடுங்கள். தெரியாததைத் துழாவினால் அது இன்னும் கீழே போகும். கால்கள் நீண்ட நேரம் நெரிபட்டிருந்தால், விடுவிக்கும் முன்னரே சேலைன் ஏற்ற மருத்துவக் குழு பக்கத்தில் இருக்க வேண்டும். விடுவித்த உடன் இதயம் நிற்கிற ஆபத்து உண்டு.

10. சுவாசப்பாதையைத் திறந்து வைக்க எந்தக் கருவி நல்லது?

தூக்கும்போது கழன்று போகாதது எதுவோ அது. எங்கள் அபிப்பிராயத்தில், குழிக்குள் மிக எளிய கருவியே மிகச் சிறந்தது.

கைகளில் தொடங்குங்கள். தாடை எலும்பின் மூலையைப் பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளினால் நாக்கு தொண்டையை விட்டு விலகும். தலைமாட்டில் நிற்க இடமில்லாவிட்டால் நெஞ்சுப் பக்கம் நின்று, முகத்துக்கு முகமாகவும் இதைச் செய்யலாம். பெருவிரல்கள் கன்னத்தில், மற்ற விரல்கள் தாடை மூலையில்.

வாய்வழிக் குழாய் ஓக்காள உணர்வு இல்லாதவருக்கு மட்டும். அளவை முகத்தில் வைத்தே பாருங்கள்: முன்பல்லிலிருந்து தாடை மூலை வரை. பெரியவர்களுக்கு 80, 90, 100 மில்லிமீற்றர் மூன்றும் பையில் இருக்கட்டும். சிறியது நாக்கையே பின்னுக்குத் தள்ளும். பல் கடித்திருந்தால் மூக்குவழிக் குழாய், நன்றாக வழுக்கப்படுத்தி. மண்டையின் அடிப்பகுதி உடைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் தவிர்ப்பது நல்லது.

அதற்கு மேல் ஐ-ஜெல் போன்ற குரல்வளைக்கு மேலே உட்காரும் கருவி. 30 முதல் 60 கிலோவுக்கு 3, 50 முதல் 90க்கு 4, அதற்கு மேல் 5. கருவியைக் காற்றால் ஊதிப் பருக்க வைக்க வேண்டியதில்லை, தொண்டைக்குள் பார்க்கும் கருவி தேவையில்லை, எந்தப் பக்கம் நின்றும் போடலாம். இருண்ட குழியில் இதைவிட வேறென்ன வேண்டும்? குறை ஒன்று: நீரில் மூழ்கி நுரையீரல் விறைத்துப்போனவருக்கு அழுத்திக் கொடுத்தால் ஓரத்தால் கசியும், வயிறு ஊதும்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது, அதைப் பழகிய வைத்தியரின் வேலை. மயக்க மருந்து கொடுத்து, தலைமாட்டில் இடமில்லாத குழிக்குள் அதைத் தொடங்குவது பெரும்பாலும் தவறான முடிவு. மருந்து கொடுத்தபின் குழாய் போகாவிட்டால், தானாக விட்டுக்கொண்டிருந்த மூச்சையும் நாமே நிறுத்தியவர்களாவோம். வலிக்குத்தான் மருந்து என்றால் கெற்றமின், மூச்சை அதிகம் அடக்காது என்பதால், வைத்தியர்கள் விரும்புவது. முகம் சிதைந்து வேறெந்த வழியும் இல்லாதபோது கழுத்தின் முன்னால் திறப்பது கடைசி வழி. அதற்குப் பத்தாம் இலக்கக் கத்தி, பூஜி (குழாய்க்கு வழிகாட்டும் வளையும் கம்பி), 6.0 அளவுக் குழாய் மூன்றும் ஒரே பொதியாகக் கட்டி வைத்திருக்க வேண்டும், தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

11. தூக்கும்போது என்ன பிழைக்கிறது?

கூடுதலான சுவாசப்பாதைகள் அடைபடுவது குழியின் அடியில் அல்ல, அடிக்கும் வாய்க்கட்டுக்கும் இடையில்தான். நினைவில்லாத ஆளை உடற்பட்டியில் நிமிர்த்தித் தூக்கினால் தலை முன்னே சரியும், தாடை நெஞ்சில் முட்டும், தொண்டை மடியும். கயிற்றில் தொங்குபவரை எட்டிப் பிடிக்க ஒருவராலும் முடியாது.

காற்று நல்லது, நேரமும் இருக்கிறது என்றால் கழுத்துப் பட்டை போடுங்கள். எலும்பு முறிவுக்காக அல்ல, தலை சரியாமல் நிற்பதற்காக. சுருட்டி இறுக்கும் தூக்குப்படுக்கை இருந்தால், நெற்றியைத் துணிப்பட்டியால் கட்டுங்கள். முகவாயைக் கட்டாதீர்கள், வாந்தி வந்தால் வாய் திறக்காது. ஐ-ஜெல் போட்டிருந்தால் மேல்தாடையோடு சேர்த்து நாடாவால் கட்டி, தூக்கும் முன் நோயாளிக்குச் சில நல்ல மூச்சுக் கொடுத்து, அம்பு பையை (மூச்சுக் கொடுக்கக் கையால் அமுக்கும் பை) கழற்றுங்கள். பை தொங்கிக்கொண்டே போனால் சுவரில் மாட்டிக் குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். மேலே நிற்பவர்கள் இடையில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். மேலே வந்ததும் உடனே படுக்க வைத்து, பையை மாட்டி, நெஞ்சு எழுகிறதா, மூச்சுவாயு வரைபடத்தில் (வெளிமூச்சின் காபனீரொட்சைட்டைக் காட்டுவது) அலை வருகிறதா என்று பாருங்கள். அலை இல்லாவிட்டால் குழாய் இருக்கும் இடம் பிழை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

12. அம்பு பையை எவ்வளவு அமுக்குவது?

6 செக்கனுக்கு ஒரு தடவை, ஒரு செக்கன் நேரம், நெஞ்சு எழுவது தெரியும் வரை. பெரியவர் பையில் ஒன்றரை லீற்றர் வரை இருக்கும். தேவை 500 முதல் 600 மில்லிலீற்றர்தான். பதற்றத்தில் எல்லாரும் வேகமாக, முழுதாக அமுக்குவார்கள். காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியாகத் திரும்பும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரு கையாலும் முகமூடியைப் பிடிக்கட்டும், மற்றவர் அமுக்கட்டும்.

13. நாடித்துடிப்பு இல்லை. நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதுமா?

இந்த நோயாளிகளுக்குப் போதாது. இவர்களின் இதயம் நின்றது ஒட்சிசன் இல்லாமல். 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. நீரில் மூழ்கியவருக்கு 5 மூச்சுடன் தொடங்குங்கள். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்து முடிப்போம் என்று நிற்க வேண்டாம். குழிக்குள் சரியான அமுக்கல் நடக்காது, அதனால் மேலே கொண்டுவருவதே முதல் வேலை. வாயோடு வாய் வைப்பதைத் தவிர்த்து, ஒருவழி அடைப்பான் உள்ள முகமூடியைப் பாவியுங்கள். வாயுவில் கிடந்தவரின் உடுப்பைக் களைந்து, தோலைக் கழுவுங்கள். உடுப்பில் தங்கிய வாயு அம்புலன்ஸில் இருப்பவர்களையும் தாக்கும்.

14. சேறும் வாந்தியும் வந்தால்?

ஆளைப் பக்கவாட்டில் திருப்புங்கள், பலகையில் கட்டியிருந்தால் பலகையோடு. கையால் இயக்கும் உறிஞ்சி ஒன்று போதும். மின்கலம் செத்துப்போகிற கவலை இல்லை. ஒரு தடவைக்கு 10 முதல் 15 செக்கன், பிறகு மூச்சுக் கொடுங்கள். மெல்லிய குழாய்கள் சேற்றில் உடனே அடைபடும், தடித்த உறிஞ்சு முனையையே பாவியுங்கள்.

15. குழிக்குள் ஒட்சிசன் கொடுப்பது ஆபத்தா?

எரிவாயுவோ எண்ணெய் ஆவியோ உள்ள இடத்தில் ஆம். சீனக்குடா மாதிரியான தாங்கிக்குள் வேண்டவே வேண்டாம். நல்ல காற்றுள்ள, விசிறி ஓடும் கிணற்றில் கொடுக்கலாம், மானியில் 23.5ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு. சிலிண்டர் மேலே நிற்கட்டும், குழாய் மட்டும் இறங்கட்டும். நோயாளியின் முனையில் காற்று வருகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள். 340 லீற்றர் சிலிண்டர் நிமிடத்துக்கு 15 லீற்றரில் 22 நிமிடம்தான் வரும். தேங்காய் எண்ணெய் பட்ட கையால் அடைப்பானைத் திறக்காதீர்கள். உயர் அழுத்த ஒட்சிசனில் எண்ணெய் தானே தீப்பிடிக்கும்.

16. விரலில் மாட்டி இரத்த ஒட்சிசனை அளக்கும் விரல்மானி 98 வீதம் காட்டுகிறது, ஆள் இன்னும் குழப்பமாகப் பேசுகிறார்?

மோட்டர் புகை சந்தேகம் இருந்தால் அந்த 98ஐ நம்ப வேண்டாம். காபனோரொட்சைட்டு ஒட்டிய குருதியையும் ஒட்சிசன் என்றே அந்தக் கருவி எண்ணும். பை இணைந்த முகமூடியில் 15 லீற்றர் கொடுத்துக்கொண்டே போங்கள். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும்; முழு ஒட்சிசனில் ஒன்றரை மணி நேரம்.

17. எழுந்து நடக்கிறார். வீட்டுக்கு அனுப்பலாமா?

இல்லை. ஐதரசன் சல்பைட்டை இழுத்தவருக்கும், அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனவருக்கும் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மூதூர், கிண்ணியா, குச்சவெளி எங்கிருந்தாலும், 'இப்ப சுகம்தானே' என்று சொன்னாலும், வைத்தியசாலையில் ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

18. கழுத்து முறிந்திருந்தால் தலையைச் சாய்க்கலாமா?

முதலில் தாடையை மட்டும் தள்ளிப் பாருங்கள். பாதை திறக்காவிட்டால் தலையை, பாதை திறக்கும் அளவுக்கு மட்டும், மெல்லச் சாயுங்கள். மூச்சில்லாதவருக்குக் கழுத்தைக் காத்துப் பயனில்லை.

19. மீட்புப் பையில் என்ன இருக்க வேண்டும்?

அம்பு பை ஒன்று, முகமூடி 4, 5 அளவுகளில், வாய்வழிக் குழாய் மூன்று அளவு, மூக்குவழிக் குழாய் 6, 7, ஐ-ஜெல் 3, 4, 5 ஒவ்வொன்று, கை உறிஞ்சி, அகல நாடா ஒரு சுருள், வழுக்கு ஜெல், ஒட்சிசன் முகமூடி 2, நெற்றி விளக்கு 2, கத்தரிக்கோல். எல்லாவற்றையும் ஒரே பைக்குள், நீளக் கயிற்றில் தனித்தனியே கட்டி வையுங்கள். கிணற்றுக்குள் கைதவறி விழுந்த சாமானைத் தேட நேரமில்லை. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பிளாஸ்டிக் சாமான்கள் இளகி ஒட்டிக்கொள்ளும், நாடாவின் பசை கரையும். மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். வியர்த்த தோலில் நாடா ஒட்டாது, அதனால் துடைக்க உலர்ந்த துணி ஒன்றும், கட்ட அரை அங்குலத் துணிப்பட்டியும் வையுங்கள்.